முதியோரும் நுரையீரற் காய்ச்சலும்

எண்பது ஆண்டைக் கடந்த ஒருவர் இறந்தாரென்று கேள்வியுற்றால், அவர் எந்நோயால் இறந்தார் என வினவுவோர் நம்மிடையே மிகச் சிலரே. "வயதாகிவிட்டது, போய்விட்டார்" என்னும் விடையிலேயே எல்லாம் அடங்கிவிடுகிறது. இருபது வயதினன் ஒருவன் நான்கு நாட் காய்ச்சலில் மாண்டால் ஊரே கூடிக் காரணம் ஆராயும், மருத்துவரைப் பழிக்கும், குடிநீரைப் பழிக்கும். தொண்ணூறு வயதினர் அதே நான்கு நாட் காய்ச்சலில் மாண்டால், அவர் பிறந்த ஆண்டே அவரைக் கொன்றதென்று முடிவு கட்டிவிடுகிறோம். மூப்பு ஒரு பருவமேயன்றி நோயன்று. அப்பருவத்தைப் போர்வையாகப் போர்த்து வரும் நோய்களுள் முன்னிற்பது, நிமோனியா என்று மருத்துவர் வழங்கும் நுரையீரல் அழற்சி. மருத்துவம் பயிலாத தமிழ் மாணவனாகிய யான் இதனைப்பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு நகைப்பைத் தரலாம். ஆயினும் மிக முதிர்ந்தாரிடத்து இந்நோயைத் தடுக்கும் வேலையிற் பெரும்பகுதி மருத்துவர் கையில் இல்லை. கஞ்சி ஊட்டுவோர் கையிலும் படுக்கை விரிப்போர் கையிலும் இருக்கிறது. ஆதலின் மருத்துவரல்லாதாரும் பேசுதற்குரிய பொருளே இஃதென்பது என் துணிபு.

மேலைநாட்டார் இந்நோய்க்கு ஒரு பட்டப்பெயர் சூட்டியுள்ளனர். கனடாவிற் பிறந்து, அமெரிக்காவிலும் பின்னர் ஆக்ஸ்ஃபோர்டிலும் ஆசிரியராய் விளங்கிய வில்லியம் ஆஸ்லர் என்னும் மருத்துவ அறிஞர், 1892ஆம் ஆண்டில் தாம் வெளியிட்ட பெருநூலில் நிமோனியாவை முதுமைக்குத் தனிப்பகை என்னும் கருத்துப்பட எழுதினார். 1898இல் வந்த பதிப்பிலோ, அதனை முதியோரின் நண்பன் எனலாம் என்று எழுதினார். நெடுநாட் கிடந்து தேய்ந்து மாய்வதினின்றும் முதியோரை அது விரைந்து விடுவிக்கின்றது என்பது அவர் கூறிய காரணம். அவர் முன்னர்ச் சொன்னதை உலகம் மறந்துவிட்டது. பின்னர்ச் சொன்னதைப் பழமொழியாக்கிக் கொண்டது. அவரும் 1919ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், தம் 70ஆம் வயதில், நிமோனியாவைத் தொடர்ந்து வந்த மார்புநோயாலேயே உயிர் நீத்தார். அந்நண்பன் அவரைப் பல வாரம் படுக்கையிற் கிடத்திய பின்னரே அழைத்துச் சென்றான் என்பதை, அப்பழமொழியை வழங்குவோர் சொல்வதில்லை.

ஆஸ்லர் காலத்தில் இந்நோய்க்குத் தக்க மருந்தில்லை. தடுக்க இயலாத ஒன்றை நண்பனென்று அழைப்பதில் ஓர் ஆறுதல் உண்டு. அதனை யான் குறைகூறேன். ஆனால் 1930களின் இறுதியில் சல்ஃபா வகை மருந்துகளும், அடுத்த சில ஆண்டுகளிற் பெனிசிலினும் வந்த பின்னர் அவ்வாறுதலுக்கு இடமேது? 1943ஆம் ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்தின் முதலமைச்சர் சர்ச்சில், தம் 69ஆம் வயதில், வட ஆப்பிரிக்காவிலுள்ள கார்த்தேஜில் நிமோனியாவால் வீழ்ந்தார். சல்ஃபா மருந்து கொடுக்கப்பெற்றுத் தேறினார். 1965 வரை வாழ்ந்து 90ஆம் வயதில் இறந்தார். (அதே 1943இல் வங்கத்தார் பட்ட பசியை நினைப்போர்க்கு இம்மனிதரை எடுத்துக்காட்டாகக் கொள்ள மனம் ஒவ்வாது, எனக்கும் ஒவ்வவில்லை, ஆயினும் சான்று சான்றே.) அந்த 21 ஆண்டுகளை அவரிடமிருந்து பறிக்க வந்ததை நண்பனென்று அவர் ஒப்பியிருப்பாரா?

அறுபத்தொன்பது ஒரு வயதா, தொண்ணூற்றைப்பற்றிப் பேசு என்பார் சொல்லும் நியாயமே. தொண்ணூறு வயதினரிடத்து இந்நோய் வேறொரு வேடங்கொண்டு வருகின்றது. நுரையீரலிற் காற்று நிறைதற்குரிய நுண்ணறைகள் கிருமியின் செயலால் நீரும் சீழும் நிறைந்து, காற்றுக்கு இடங்கொடாமற் போவதே நிமோனியா. இளைஞர்க்கு வந்தால் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் கொதிக்கும், மார்பு குத்தும், இருமல் உறங்கவிடாது, வீட்டார் அனைவரும் அறிவர். மிக முதிர்ந்தார்க்கோ காய்ச்சல் ஏறாமலே இருக்கலாம். இருமுதற்கு வலிவில்லை; சளியைக் காறி உமிழ மூச்சில்லை. நேற்றுவரை கைத்தடியூன்றிக் கொல்லைப்புறம் சென்று வந்தவர் இன்று எழ மறுப்பார். அல்லது எழுந்து வீழ்வார். கஞ்சியைக் கண்டால் முகத்தைத் திருப்புவார். பகலை இரவென்பார், மகளைத் தாயின் பெயரிட்டு அழைப்பார், அல்லது ஓயாது உறங்குவார். இவற்றைக் காணும் வீட்டார், "வயதின் தடுமாற்றம்" என்று தமக்குள் சொல்லிக்கொண்டு தம் வேலையைப் பார்ப்பர்.

ஈண்டு ஒரு சொல்லைக் குறிப்பிட விழைகிறேன். காய்ச்சலோடு அறிவு மயங்கிப் பிதற்றும் நிலையை நம் பாட்டியர் 'சன்னி' என்றனர். சளி மார்பிற் கட்டிச் சன்னி கண்டுவிட்டது என்பது இன்றும் ஊர்களில் வழங்கும் தொடர். மிக முதிர்ந்தாரிடத்துத் திடீரென்று தோன்றும் மனமயக்கமே சிலவேளை நிமோனியாவின் முதற்குறியென்று இக்கால மருத்துவர் கூறுகின்றனர். நோயை மயக்கத்தாற் பெயரிட்ட அப்பழஞ்சொல் நம்மிடம் உள்ளது. ஆனால் மூத்தோர் மயங்கும்போது அதனை நினைப்பதில்லை.

காணத் தெரிந்தவர்க்கு வேறு குறிகளும் உண்டு. அவற்றுள் எளியது மூச்சை எண்ணுதல். முதியவர் அமைதியாய்க் கிடக்கும்போது அவர்தம் மார்பு எழுந்து தாழ்வதைக் கடிகாரத்தோடு ஒரு நிமிடம் முழுமையும் எண்ணல் வேண்டும். எண்ணிக்கை 25ஐக் கடந்தால் மருத்துவரை அழைத்தற்கு வேறு காரணம் வேண்டா. காய்ச்சலும், 102, 103 என ஏறினால்தான் காய்ச்சல் என்பது இவர்கட்குப் பொருந்தாது. வாயில் வைத்துப் பார்த்த வெப்பமானி ஃபாரன்ஹீட்டில் 100ஐத் தாண்டினாலே கருத்திற் கொள்ளத்தக்கது. இவற்றுக்குக் கல்வியும் வேண்டா, கருவியும் பெரிதாய் வேண்டா.

இனி, கிருமி உள்ளே புகும் வழியைப் பார்ப்போம். காற்றில் வந்து தொற்றுவது ஒருபுறமிருக்க, மிக முதிர்ந்தார்க்கு வரும் நிமோனியாவிற் பெரும்பங்கு வாயிலிருந்து இறங்குவதே. உமிழ்நீர் சிறிது மூச்சுக்குழலில் இறங்குதல் நலமுடையார்க்கும் உறக்கத்தில் நிகழ்வதுண்டு. ஆனால் அவர்க்கு இருமல் காவலாளிபோல் நின்று அதனை வெளித்தள்ளுகிறது. பக்கவாதத்தாலும் நினைவிழப்பு நோயாலும் தூக்க மருந்தாலும் அக்காவலாளி அயர்ந்த உடலில், உண்ட கஞ்சியும் கழுவாத வாயிற் பெருகிய கிருமியும் ஓசையின்றி நுரையீரலுள் இறங்கிவிடுகின்றன. புரையேறினால் இருமுவர் என்று நம்பியிருக்கிறோம். இருமாமலே புரையேறும் என்பதை நாம் அறியோம்.

நம் வீடுகளில் இது நிகழும் முறையைச் சற்று நின்று பார்த்தல் தகும். நடுவே தொய்ந்த கயிற்றுக்கட்டில். அதில் மல்லாந்து கிடக்கும் மூதாட்டி. தலைமாட்டிற் குனிந்து, குழந்தைக்கு ஊட்டும் பாலாடையால் பால் புகட்டும் மருமகள். "குடித்தாற்றான் தெம்பு வரும்" என்று அவள் அன்போடு சொல்கிறாள். மூதாட்டியின் தொண்டையிற் களகளவென்று ஓசை கேட்கிறது. அடுத்த பாலாடையும் புகட்டப்பெறுகிறது. இதனைக் கொடுமையென்று எவரும் சொல்லார். வேலை மிகுந்த வீட்டில் அதற்குமேல் அன்பு காட்டுதல் அரிது. ஆயினும் படுத்தவர் வாயில் ஊற்றிய பாலுக்கு வயிறு எது, மார்பு எது என்று தெரியாது. உயிர் ஊசலாடும்போது உறவினர் ஒவ்வொருவரும் வரிசையாய் வந்து பாலூற்றும் நம் வழக்கமும் அத்தகையதே. இறுதி நேரத்திற் செய்யும் அச்சடங்கைப் பழிப்பது என் கருத்தன்று. உண்மையில் இறுதி நேரந்தானா என்று தெரியாமுன்னரே அது தொடங்கிவிடுகின்றதே என்பதுதான் என் கவலை. மருந்தால் மீளக்கூடிய நிமோனியாவில் மயங்கிக் கிடக்கும் ஒருவர்க்குப் பத்துப்பேர் பாலூற்றினால், வந்தது இறுதி நேரமாகவே ஆகிவிடும்.

இப்பாலுக்கு இருண்ட மறுபக்கமும் உண்டு. விருதுநகரைச் சார்ந்த பகுதிகளில் 'தலைக்கூத்தல்' என்னும் கொடுவழக்கம் நிலவியதை 2010ஆம் ஆண்டிற் செய்தித்தாள்கள் வெளிக்கொணர்ந்தன. பின்னர்ப் 'பாரம்' என்னும் திரைப்படமும் அதனைப் பொருளாகக் கொண்டு, 2018ஆம் ஆண்டிற்குரிய சிறந்த தமிழ்ப்படமென்று தேசிய விருது பெற்றது. நடமாட இயலாத முதியவரை எண்ணெய் தேய்த்துக் குளிர்நீராட்டி, இளநீரை மிகுதியாய்ப் பருகச் செய்து சுரங்கண்டு இறக்கவிடுதல் அதன் ஒரு முறை. மூக்கைப் பிடித்துப் பாலை வாயில் ஊற்றுதல் மற்றொரு முறை. செய்தோருட் சிலர் இதனைக் கருணையென்றே சொல்லினர். ஆஸ்லர் பேனாவால் நண்பனென்று எழுதியதை இவர்கள் கையால் வீட்டுக்குள் அழைத்து வந்தனர். கிடப்பவரைக் கேளாமல் அவர்க்கு எது விடுதலையென்று நிற்பவர் முடிவு செய்தது இரண்டிற்கும் பொது.

செய்யத்தக்கன அரியவும் அல்ல. ஊட்டுமுன் முதியவரை நிமிர்த்தி உட்காரவைத்தல். முகவாய் சற்றே தாழ்ந்திருக்கச் செய்தல். சிறு கரண்டியால் ஒருவாய் கொடுத்து அது விழுங்கப்பெற்றதென்று கண்ட பின்னரே மறுவாய் கொடுத்தல். உண்ட பின் அரைமணி நேரமேனும் சாய்க்காதிருத்தல். தொய்ந்த கட்டிலில் நிமிர்த்த இயலாதெனின் முதுகுக்குத் தலையணைகளை அடுக்கலாம்.

வாயைத் தூய்மை செய்தல் இவற்றினும் பெரிது என்பர் ஜப்பானியர். முதியோர் மிக்க அந்நாட்டில் 2011ஆம் ஆண்டில் நிமோனியா இறப்புக் காரணங்களுள் மூன்றாம் இடத்தை அடைந்தது. ஆகவே அவர்கள் இதனை ஊன்றி ஆராய்ந்தனர். 11 முதியோர் இல்லங்களில் இரண்டாண்டு நடத்தி 2002இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், உணவுக்குப் பின் பணியாளர் பல் துலக்கிவிடப்பெற்றவருள் நூற்றுக்கு 11 பேர்க்கும், அவ்வாறு செய்யப்பெறாதவருள் நூற்றுக்கு 19 பேர்க்கும் நிமோனியா கண்டது. டோக்கியோவில் 85 வயதைக் கடந்து வீட்டிலேயே வாழ்ந்த 524 பேரைத் தொடர்ந்து நோக்கி 2015இல் வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சியில், பொய்ப்பற்களைக் கழற்றாமல் உறங்குவோர்க்கு இந்நோய் இரு மடங்குக்கு மேல் வந்தமை தெரிந்தது. இதற்கு மாறான செய்தியையும் மறைத்தல் ஆகாது. அதே 2015இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து இல்லங்களில் பல் துலக்கலும் கிருமிக்கொல்லிக் கொப்பளிப்பும் நிமிர்ந்து உண்ணலும் சேர்த்துச் செய்து பார்த்ததிற் பயனொன்றும் காணப்படவில்லை. அறிஞர் இன்னும் வழக்காடட்டும். வழக்கு முடியும்வரை நம் முதியோர் அழுக்கு வாயோடு உறங்க வேண்டுமென்பதில்லை. பொய்ப்பல்லைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் இடுதற்கு எந்தத் தீர்ப்பும் வேண்டா.

வீட்டினின்றும் இல்லத்திற்கு வருவோம். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் சட்டம், மாவட்டந்தோறும் ஒன்றேனும், குறைந்தது 150 பேர் தங்கத்தக்கதாய், வறிய முதியோர்க்கு இல்லம் அமைக்கலாமென்கிறது. இடத்தையும் தொகையையும் சொல்லிய அச்சட்டம், ஊட்டும் கைகள் எத்துணை வேண்டுமெனச் சொல்லவில்லை. யான் சென்று கண்ட இல்லமொன்றில் மாலை ஐந்தரைக்கே இரவுணவு தொடங்கியது. படுக்கையிலிருந்து எழாதவர் பதினால்வர், ஊட்டுவோர் இருவர். ஆறேகாலுக்குள் அனைவர்க்கும் ஊட்டி, வாய் துடைத்து, விளக்கணைத்தாயிற்று. அவ்விருவரும் சோம்பர் அல்லர், ஓடியோடி உழைத்தனர். பதினால்வரையும் நிமிர்த்தி, ஒவ்வொரு வாயாக விழுங்கும்வரை காத்திருந்து ஊட்டினால் நள்ளிரவாகிவிடும். அங்கே நிமோனியாவை விளைப்பது கிருமி மட்டுமன்று, கடிகாரமும் ஆம்.

இல்லத்தில் ஒருவர்க்கு நோய் கண்டால் இரண்டிலொன்று நிகழ்கிறது. விட்டுவிடுகின்றனர், அல்லது நள்ளிரவில் வண்டியேற்றி மருத்துவமனைக்கு அனுப்புகின்றனர். மூன்றாவது வழியும் உண்டு. கனடாவின் ஒன்டாரியோவில் 22 இல்லங்களிலிருந்த 680 முதியோரிடத்து ஓர் ஆராய்ச்சி நிகழ்த்தி 2006இல் வெளியிட்டனர். நோய் கண்டவரை வகுத்த முறைப்படி சோதித்து, நிலை அவ்வளவு மோசமில்லாதார்க்கு அங்கேயே வாய்வழி மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்ட இல்லங்களில், மருத்துவமனைக்கு அனுப்பப்பெற்றோர் நூற்றுக்கு 10 பேர். வழக்கம்போல் நடத்தப்பெற்ற இல்லங்களில் 22 பேர். இறப்பில் குறிக்கத்தக்க வேறுபாடில்லை. அறியாத இடத்தில், அறியாத முகங்களினிடையே, கைகள் கட்டப்பெற்று மனம் மயங்கிக் கிடக்கும் துன்பம் பலர்க்கு இல்லையாயிற்று. நம் மாநிலத்தில் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தின்படி, இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்குமுரிய மாத்திரைகளோடு பணியாளர் வீடு தேடி வருகின்றனர். அழுத்தம் பார்க்கும் அப்பெண்மணி மூச்சையும் ஒரு நிமிடம் எண்ணிப் பார்த்தால் இவ்வழியிற் பாதி தூரம் வந்தவராவோம்.

தடுப்பூசியைப்பற்றி ஒரு சொல். நிமோனியாக் கிருமிக்குரிய தடுப்பூசியை நம் அரசினர் 2017 முதற் சில மாநிலங்களிலும் 2021 முதல் நாடு முழுவதிலும் குழந்தைகட்கு இலவசமாய் இட்டு வருகின்றனர். நெதர்லாந்தில் 65 வயது கடந்த 84,000க்கு மேற்பட்டோரிடத்து ஆராய்ந்து 2015இல் வெளியிட்டதில், ஊசிக்குரிய வகைக் கிருமிகளால் வரும் நிமோனியா ஏறத்தாழப் பாதியாய்க் குறைந்தது. பேரனுக்கு ஊசியிடச் சென்ற வீட்டார் பாட்டனாருக்கும் உண்டோ என்று மருத்துவரை வினவலாம்.

இத்துணையும் சொல்லியதால், எந்நிலையிலும் எவரையும் கருவிகளோடு பிணைத்து உயிரை இழுத்துப் பிடித்தல் வேண்டும் என்கிறேனோ என்று ஐயுற வேண்டா. பல நோய்களால் நலிந்து, மீண்டும் மீண்டும் நிமோனியா கண்டு, "போதும், என்னை விடுங்கள்" என்னும் தொண்ணூற்றைந்து வயதினர் உளர். ஜப்பானிய மூச்சுநோய் மருத்துவர் சங்கத்தார் 2017இல் வெளியிட்ட வழிமுறை நூலில், வாழ்வின் இறுதிநிலை அடைந்தாரிடத்து நோயாளியின் விருப்பத்தை முன்வைத்து, கடுஞ்சிகிச்சையைத் தவிர்த்தலும் ஒரு நெறியே என்றனர். நம் நாட்டிலும் உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், தன் இறுதிச் சிகிச்சை எத்தகையதாதல் வேண்டுமென்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் எனத் தீர்ப்பளித்தது. அதற்குரிய நடைமுறைகளை 2023 ஜனவரியில் எளிதாக்கவும் செய்தது. நிமோனியா தமக்கு நண்பனா, பகைவனா என்று சொல்லும் உரிமை கட்டிலிற் கிடப்பவர்க்கே உண்டு. கட்டிலைச் சூழ்ந்து நிற்போர்க்கு இல்லை. ஆனால் மயக்கம் வந்தபின் கேட்டால் அவர் எங்ஙனம் சொல்வார்? தெளிவாய்த் திண்ணையில் அமர்ந்து வெற்றிலை இடிக்கும் நாளிலன்றோ கேட்டல் வேண்டும்! அதனைக் கேட்பது அபசகுனமென்று அஞ்சுகிறோம். ஞாயிறுதோறும் கோயிலிற் சாவையும் மறுமையையும் குறித்துக் கேட்டு வரும் கிறிஸ்தவ வீட்டாராகிய நாமும், வீட்டு வாசலை மிதித்தவுடன் அப்பேச்சைச் செருப்போடு கழற்றி விடுகிறோம். நிலத்தை எவர்க்கு எழுதுவதென்று பாட்டனாரைக் கேட்கக் கூசாத மக்கள், மூச்சு முட்டும் நாளில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லட்டுமா, வீட்டிலேயே வைத்துப் பார்க்கட்டுமா என்று கேட்கக் கூசுகின்றனர்.

இறுதியாக நம் கல்லூரியின் சமூகப்பணிக் குழுவினர்க்கு ஒரு விண்ணப்பம். கிறிஸ்து பிறப்பு விழாவை ஒட்டி ஆண்டுதோறும் முதியோர் இல்லங்களுக்குச் சென்று பாடி, இனிப்புப் பொட்டலங்கள் வழங்கி மீள்கின்றோம். பாட்டு நன்று, நிறுத்த வேண்டா. இனிப்போ, பல்லில்லாதார் வாயில் ஒட்டிக்கொண்டு தொண்டையில் இறங்க மறுக்கும் பண்டம். வரும் டிசம்பரில் அப்பணத்தைக்கொண்டு மென்மையான பற்றூரிகைகளும், மூடியிட்ட சிறு கிண்ணங்கள் பொய்ப்பல் உடையார் எண்ணிக்கைக்கு ஒவ்வொன்றும், முதுகுக்கு முட்டுக்கொடுக்கத் திண்ணிய தலையணைகள் சிலவும், வெப்பமானி இரண்டும் வாங்கலாம். செல்லும் நேரத்தையும் மாற்றலாம். நாம் காலை பத்து மணிக்குச் செல்கிறோம். அப்போது அங்கே வேலை குறைவு. மாலை ஐந்தரைக்குச் சென்றால் ஊட்டுவதற்கு இருவர்க்குப் பதிலாகப் பன்னிருவர் இருப்பர். மாதம் ஒருமுறையேனும் வரலாமா என்று அங்குள்ள மேற்பார்வையாளரைக் கேட்டேன். வந்தால் முதலிற் கை கழுவ வேண்டும், சளி பிடித்தவர் எவரும் வரலாகாது என்று இரண்டு நிபந்தனை சொன்னார்.